உறைந்த உணவு உறைந்தபடியே ஊர் சேர: எந்தக் குளிர் ஏற்பாடு எந்தப் பயணத்திற்கு?

பதினான்கு மணி நேரக் கார்ப் பயணம் ஒன்று முடிந்து ஐஸ் பெட்டியைத் திறந்தபோது நான் கண்ட காட்சிதான் இந்த ஒப்பீட்டுக்கு வித்திட்டது. பெட்டியின் நான்கு பக்கமும் அடுக்கியிருந்த ஜெல் பேக்குகளை அழுத்திப் பார்த்தேன். ஓரங்கள் மட்டும் இளகியிருக்க, நடுப்பகுதி இன்னும் கல்லாகவே இருந்தது. அவற்றுக்கு நடுவே இருந்த உணவுப் பொட்டலங்களோ, புறப்படும்போது பலகைபோல விறைத்திருந்தவை, கையில் எடுத்ததும் ஈரத் துணியாக மடங்கின. பனியே உருகாதபோது அதன் நடுவில் இருந்த உணவு எப்படி உருகியது என்பது அன்று விளங்கவில்லை. பேக்குகள் போதவில்லை என்று எண்ணி அடுத்த பயணத்தில் அவற்றை இரு மடங்காக்கினேன். பெட்டியின் எடை கூடியதே தவிர, முடிவு மாறவில்லை.

எத்தனை பேக்குகள் வைத்தோம் என்பதைவிட, அவை எந்த வெப்பநிலையில் உருகுகின்றன என்பதே முக்கியம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வீட்டு ஃப்ரீசரின் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். தூய நீரால் ஆன பனிக்கட்டியும், சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான ஜெல் பேக்குகளும் உருகுவது 0 டிகிரியில். ஆனால் உணவில் உள்ள நீரில் உப்பும் சர்க்கரையும் புரதமும் கரைந்திருப்பதால், அது முழுமையாக இளகிவிடுவது மைனஸ் 1 அல்லது மைனஸ் 2 டிகிரியை ஒட்டியே நடந்துவிடுகிறது. அதாவது, பனி உருகத் தொடங்குவதற்கு முன்பே உணவு உருகி முடியும் கட்டத்தை நெருங்கிவிடுகிறது. பனி உணவைக் காக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் உணவுதான் தன் குளிரைக் கொடுத்துப் பனியைக் காத்துக்கொண்டிருக்கிறது.

எண்களாகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோ ஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது; பனியின் வலிமையெல்லாம் இந்த உள்ளுறை வெப்பத்தில்தான் இருக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் உள்ள 5 கிலோ பனி, மைனஸ் 2 டிகிரி வரை சூடாகும் வரையில் உறிஞ்சுவது ஏறத்தாழ 170 கிலோ ஜூல் மட்டுமே. அதற்குப் பிறகு 0 டிகிரியில் உருகும்போது அது உறிஞ்சக்கூடிய 1,670 கிலோ ஜூல், உறைந்த உணவை உறைந்தபடி வைத்திருக்கச் சிறிதும் உதவாது. சுமந்து சென்ற எடையின் வலிமையில் பத்தில் ஒரு பங்குதான் நம் நோக்கத்திற்குப் பயன்பட்டிருக்கிறது.

ஆகவே, எந்தச் சாதனத்தை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், நமக்கு வேண்டியது உறைந்த உணவா அல்லது கெடாத உணவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு தேவைகள். போய்ச் சேர்ந்த அன்றோ மறுநாளோ சமைக்கப்போகும் இறைச்சியும் மீனும், சூடாக்கிச் சாப்பிடப்போகும் சமைத்த உணவும் வழியில் இளகினால் நட்டமில்லை. அவை 4 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் போதும். எப்படியும் இளக வைக்கப்போகிற பொருள், அந்த வேலையைப் பயணத்திலேயே முடித்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட உணவுக்குச் சாதாரணப் பனிக்கட்டியும் ஜெல் பேக்கும் மிகச் சிறந்த துணை; மேலே வீணாகும் என்று சொன்ன அந்த 1,670 கிலோ ஜூலும் இங்கே முழுமையாகப் பயன்படும். மாறாக, போகும் இடத்தில் மீண்டும் ஃப்ரீசரில் வைத்து வாரக்கணக்கில் பயன்படுத்தவேண்டிய உணவு, ஐஸ்கிரீம், சேமித்து வைத்த தாய்ப்பால் போன்றவற்றுக்கு உண்மையான உறைநிலை வேண்டும். அதிலும் ஐஸ்கிரீம் தனி ரகம். மைனஸ் 10 டிகிரியைத் தாண்டினாலே அது இளகிக் குழைந்துவிடும், மறுபடி உறைய வைத்தால் பழைய மென்மை திரும்பாது. பலரும் முதல் வகைத் தேவைக்கு இரண்டாம் வகை ஏற்பாட்டைச் செய்து சிரமப்படுகிறார்கள், அல்லது நான் செய்ததுபோல் அதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்.

தேவை எதுவானாலும் முதல் செலவு பெட்டிக்கே போகட்டும் என்பது என் உறுதியான கருத்து. குளிரூட்டும் பொருள் எதுவாக இருந்தாலும், வெளியிலிருந்து கசிந்து வரும் வெப்பத்தோடுதான் அது போராடுகிறது. அந்தக் கசிவைக் குறைப்பது பெட்டிச் சுவரின் தடிமனும் பொருளும்தான். தெர்மாகோலின் வெப்பக் கடத்துத்திறன் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.035 வாட், கெட்டியான ஐஸ் பெட்டிகளின் சுவருக்குள் நிரப்பப்படும் பாலியூரித்தேன் நுரைக்கு அது சுமார் 0.023. நாற்பது லிட்டர் அளவிலான ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, வெளியே 30 டிகிரி, உள்ளே மைனஸ் 10 டிகிரி என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். மூன்று சென்டிமீட்டர் தெர்மாகோல் பெட்டியில் மணிக்குச் சுமார் 120 கிலோ ஜூல் வெப்பம் உள்ளே வருகிறது. ஐந்து சென்டிமீட்டர் பாலியூரித்தேன் பெட்டியில் அது சுமார் 50 கிலோ ஜூல்தான். ஒரு சென்டிமீட்டர் நுரை மட்டுமே உள்ள மென்மையான தோள்பையில் கசிவு தெர்மாகோல் பெட்டியைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாகிவிடும். கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்து வரவே அந்தப் பை ஏற்றது. ஒரு நாள் பயணத்திற்கு அதை நம்பக் கூடாது.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. நன்றாக உறைந்த உணவே ஒரு குளிர்க் களஞ்சியம். இறைச்சியைப் போல நீர் நிறைந்த உணவு மைனஸ் 18 டிகிரியிலிருந்து மைனஸ் 5 டிகிரி வரை சூடாக, ஒரு கிலோவுக்குச் சுமார் 60 கிலோ ஜூல் வெப்பம் தேவைப்படுகிறது. இதே எடையுள்ள தூய பனி அதே இடைவெளியில் உறிஞ்சுவது 30 கிலோ ஜூலுக்கும் குறைவு. உணவிலுள்ள நீர் ஒரே வெப்பநிலையில் உருகாமல், மைனஸ் 18க்கு மேலே சிறிது சிறிதாக உருகிக்கொண்டே வருவதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். பத்து கிலோ உணவு இருந்தால் 600 கிலோ ஜூல். மேலே சொன்ன கணக்கின்படி, வேறு எந்தப் பேக்கும் இல்லாமலேயே தெர்மாகோல் பெட்டியில் ஐந்து மணி நேரமும், பாலியூரித்தேன் பெட்டியில் பன்னிரண்டு மணி நேரமும் அது கெட்டியாக இருக்கும். ஆகையால் ஐந்தாறு மணி நேரப் பயணத்திற்கு ஜெல் பேக்குகளை அடைப்பதைவிட, அந்த இடத்தையும் உறைந்த உணவாலேயே நிரப்புவது நல்லது. உணவு குறைவாக இருந்தால் பெட்டியைச் சிறிதாக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் காலியிடத்தைத் துணித் துண்டுகளாலோ கசக்கிய தாள்களாலோ அடைத்துவிட வேண்டும். பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காலியிடத்துக் குளிர்காற்று வெளியேறி, வெளியே உள்ள ஈரமான வெப்பக்காற்று உள்ளே புகுகிறது.

அடுக்கும் முறையும் சற்றுக் கவனத்துக்கு உரியது. பொட்டலங்களைத் தட்டையாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனில் உறைய வைத்தால் அவை விரைவாகவும் சீராகவும் உறையும். பிறகு பெட்டியில் புத்தகங்களை அடுக்குவதுபோல் இடைவெளியின்றி நெருக்கி அடுக்கினால் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாக நடந்துகொள்ளும். ஒழுங்கற்ற உருண்டைகளாக உறைந்தவற்றுக்கு இடையே காற்று தங்கிவிடுகிறது. புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையில் ஃப்ரீசரில் வைத்த உணவு மறுநாள் காலையில் தொடுவதற்குக் கெட்டியாக இருக்கலாம். அதன் நடுப்பகுதி மைனஸ் 5 டிகிரியில்தான் இருக்கக்கூடும். இரண்டு முழு நாட்களாவது கொடுங்கள். பெட்டியையும் முந்தைய இரவே குளிர வைக்க வேண்டும். அறை வெப்பத்தில் கிடந்த தடித்த சுவர், முதல் ஒரு மணி நேரத்தில் உணவிலிருந்தே குளிரைப் பிடுங்கிக்கொள்ளும். அதற்கென்று தனியாக வைத்திருக்கும் சில பழைய ஜெல் பேக்குகளை இரவில் உள்ளே போட்டு மூடிவைத்து, காலையில் எடுத்துவிட்டு உணவை அடுக்குவது என் வழக்கம்.

ஆறு மணி நேரத்திற்கு மேல் ஒரு நாள் வரையிலான பயணத்திற்கு நான் முதலில் பரிந்துரைப்பது உப்புநீர்ப் பேக்குகளை. நீரில் உப்பைக் கரைத்தால் அது உருகும் வெப்பநிலை இறங்கும். சமையல் உப்பு எடையில் 23 சதவீதம் இருக்கும்போது மைனஸ் 21 டிகிரி வரை இறங்கிவிடும். உறைந்த சரக்கைக் கொண்டு செல்வதற்கென்று மைனஸ் 21 டிகிரியில் உருகும் பேக்குகள் விற்பனையிலும் உண்டு. ஆனால் அவற்றை வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாற்றம் அடைவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் வீட்டு ஃப்ரீசரால் மைனஸ் 21 டிகிரியில் உறையும் திரவத்தை உறைய வைக்கவே முடியாது. மைனஸ் 25 டிகிரிக்குக் கீழே செல்லும் ஃப்ரீசர் கைவசம் இல்லாதவருக்கு அந்தப் பேக் வெறும் குளிர்ந்த உப்புநீர்ப் பை மட்டுமே.

வீட்டு ஃப்ரீசருக்குப் பொருந்துவது இதைவிட நீர்த்த கரைசல். 950 கிராம் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்தால் கிடைக்கும் ஐந்து சதவீதக் கரைசல், மைனஸ் 3 டிகிரியில் உறையத் தொடங்கி, மைனஸ் 18 டிகிரியை எட்டும்போது சுமார் நான்கில் மூன்று பங்கு உறைந்திருக்கும். மீண்டும் சூடாகும்போது, மைனஸ் 18 முதல் மைனஸ் 3 வரை அது சிறிது சிறிதாக உருகியபடியே வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டிய வெப்பநிலை எல்லைக்குள்ளேயே அதன் வேலை முடிந்துவிடுகிறது. முன்பு சொன்ன 5 கிலோ பனி 170 கிலோ ஜூல்தான் தந்தது. அதே எடையுள்ள இந்தக் கரைசல் மைனஸ் 3 டிகிரியை அடைவதற்குள் 1,000 கிலோ ஜூலுக்கு மேல் உறிஞ்சிவிடும். செலவு ஒரு கைப்பிடி உப்பு. உறையும்போது கரைசல் விரிவடையும் என்பதால் பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு ஊற்றவேண்டும். மூடி கசிந்தால் உணவில் உப்பேறும் என்பதால் பாட்டிலை இன்னொரு பையில் போட்டு இறுகக் கட்டிவிடுவது நல்லது. வெளியே எடுத்துப் பார்க்கும்போது இது தூய பனியைப்போல் கல்லாக இருக்காது, அழுத்தினால் சற்று நொறுநொறுப்பாக இருக்கும். சரியாக உறையவில்லையோ என்று ஐயப்பட வேண்டாம்.

ஒரு நாளைத் தாண்டும் பயணத்திற்கு, அதிலும் ஐஸ்கிரீம் போன்ற பொருட்களுக்கு, டிரை ஐஸ் எனப்படும் உலர் பனிக்கட்டிக்கு நிகரானது இல்லை. இது திண்மநிலையில் உள்ள கார்பன் டை ஆக்சைடு. மைனஸ் 78.5 டிகிரியில் உருகாமல் நேரடியாக வாயுவாக மாறிவிடுவதால் பெட்டியில் ஈரமும் சேர்வதில்லை. ஒரு கிலோ ஆவியாவதற்கு ஏறத்தாழ 570 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெளியேறும் குளிர்ந்த வாயு சற்றே கூடுதலாகவும் எடுக்கும். அதே நாற்பது லிட்டர் பெட்டியை மைனஸ் 18 டிகிரியில் வைத்திருக்க, பாலியூரித்தேன் சுவர் என்றால் நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை கிலோவும், மெல்லிய தெர்மாகோல் சுவர் என்றால் ஐந்தரை கிலோவும் செலவாகும் என்று கணக்கு சொல்கிறது. நடைமுறையில் இதைப்போல் ஒன்றரை மடங்கு வாங்குவதே பாதுகாப்பானது, ஏனெனில் அது கடையில் எடைபோட்ட நொடியிலிருந்தே கரைந்துகொண்டிருக்கிறது. முந்தைய நாளே வாங்கி ஃப்ரீசரில் வைத்தால் நிற்கும் என்று எண்ண வேண்டாம். மைனஸ் 18 டிகிரி அதற்கு அனல்தான். சிறு துண்டுகளைவிடப் பெரிய பாளமாக வாங்கினால் நெடுநேரம் தங்கும்.

பாளத்தை இரண்டு மூன்று மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி உணவுக்கு மேலே வைக்க வேண்டும். குளிர்ந்த வாயு கீழே இறங்கும் தன்மையுடையது. உணவு காற்றுப் புகாதபடி பொதியப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரமான பொருளில் அந்த வாயு கரைந்து சோடா குடித்ததுபோன்ற கூர்மையான சுவையை ஏற்றிவிடும். தடித்த கையுறை இல்லாமல் தொடவே கூடாது. நொடிகளில் தோல் உறைந்து புண்ணாகும். எந்த நிலையிலும் அதை இறுக மூடிய பாட்டிலிலோ காற்றுப் புகாத பெட்டியிலோ அடைக்கக் கூடாது, ஏனெனில் ஒரு கிலோ உலர் பனிக்கட்டி அறை வெப்பத்தில் 500 லிட்டருக்கு மேற்பட்ட வாயுவாக விரிகிறது. போக வழியில்லாவிட்டால் கலன் வெடிக்கும்.

இவற்றையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது காருக்குள் நடப்பதுதான். கசிவு குறைந்த நல்ல பெட்டியிலிருந்தே மணிக்கு நூறு கிராம் ஆவியாகிறது. அது ஐம்பது லிட்டருக்கு மேற்பட்ட வாயு. ஒரு சாதாரணக் காரின் உட்புறம் சுமார் மூவாயிரம் லிட்டர். கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றையே சுழலவிடும் முறையில் ஏசியை ஓட்டினால், ஒரு மணி நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு ஒன்றரை சதவீதத்தைத் தாண்டக்கூடும். பணியிடங்களில் எட்டு மணி நேரத்திற்கு அனுமதிக்கப்படும் வரம்பு அரை சதவீதம் மட்டுமே. தலைவலி, மூச்சுத் திணறல், மந்தம் என்று அது ஓட்டுநரைத்தான் முதலில் தாக்கும். செறிவு இன்னும் கூடினால் நினைவிழப்பும் உயிரிழப்பும் நேரும், நேர்ந்தும் இருக்கின்றன. வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் நிலையில் ஏசியை வைக்க வேண்டும், ஒரு கண்ணாடியைச் சற்றே இறக்கிவைக்க வேண்டும், நிறுத்திய காருக்குள் குழந்தைகளையோ வளர்ப்புப் பிராணிகளையோ அதனுடன் விடவே கூடாது. அந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அது தாழ்வான இடத்தில்தான் தேங்கும், தூங்கும் குழந்தையின் முகமும் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கும். இதைக் கடைப்பிடிக்க முடியாதவர்கள் உலர் பனிக்கட்டியைத் தவிர்த்துவிடுவதே நல்லது. இதே காரணத்தால், மூடிய ரயில் பெட்டிக்கும் பேருந்துக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்சாரத்தில் இயங்கும் பெட்டிகளில் இரண்டு வகைகள் ஒரே தோற்றத்தில் விற்பனைக்கு இருப்பதால் குழப்பம் நேர்கிறது. ஒரு வகை பெல்டியர் விளைவால் இயங்குவது. 1834இல் ழான் பெல்டியர் கண்டறிந்த அந்த விளைவின்படி, இரு வேறு கடத்திகளின் சந்திப்பில் மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகிறது. இந்த வகைப் பெட்டி வெளிவெப்பத்திலிருந்து பதினைந்து முதல் இருபது டிகிரி வரைதான் குறைக்கும். வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே 15 டிகிரி. அது குளிர்பானத்திற்குப் போதும், உறைந்த உணவுக்கு எந்த வகையிலும் உதவாது. விலையும் எடையும் குறைவு என்பதற்காக உறைந்த உணவுக்கு இதை வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும்.

மற்றொரு வகை கம்ப்ரஸர் உள்ள உண்மையான சிறிய ஃப்ரீசர். மைனஸ் 18 டிகிரியை எட்டிப் பிடித்து நிறுத்தும். மின்சாரம் இருக்கும் வரை நாள் கணக்கு என்ற வரம்பு இதற்கு இல்லை. அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர்களுக்கும், மூன்று நாட்களுக்கு மேல் வழியிலேயே இருக்கப்போகிறவர்களுக்கும் இதுவே ஏற்றது. இடர் இருப்பது மின்கலத்தில். 45 வாட் எடுக்கும் கம்ப்ரஸர் பாதி நேரம் இயங்கினால்கூட ஒரு நாளில் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து சுமார் 45 ஆம்பியர் மணி நேரம் போய்விடும். சாதாரணக் காரின் மின்கலமே 40 முதல் 60 ஆம்பியர் மணி நேரக் கொள்ளளவு உள்ளதுதான், அதையும் பாதிக்கு மேல் வடிப்பது அதன் ஆயுளைக் கெடுக்கும். இரவில் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூங்கினால், காலையில் வண்டி கிளம்பாமலோ, மின்னழுத்தம் குறைந்ததும் பெட்டியே தன்னை அணைத்துக்கொண்டு உணவு இளகியோ போகும். பல கார்களில் சாவியைத் திருப்பி அணைத்ததுமே 12 வோல்ட் இணைப்பும் நின்றுவிடும் என்பதையும் புறப்படும் முன் சோதித்துக்கொள்ளுங்கள். 500 வாட் மணி நேரக் கொள்ளளவுள்ள தனி மின்கலப் பெட்டி ஒன்று இருந்தால் ஓர் இரவைத் தாராளமாகக் கடக்கலாம். முந்தைய நாளே வீட்டு மின்சாரத்தில் இயக்கி, ஏற்கெனவே உறைந்த உணவைத்தான் அதில் வைக்க வேண்டும். சூடான உணவை உறைய வைக்கும் திறன் அந்தச் சிறு கம்ப்ரஸருக்கு இல்லை.

விமானப் பயணம் வேறு கணக்கு. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிகளின்படி ஒரு பயணி, விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு, கெடக்கூடிய உணவுக்காக 2.5 கிலோ வரை உலர் பனிக்கட்டி எடுத்துச் செல்லலாம்; பெட்டி வாயுவை வெளியேற்றும்படி இருக்க வேண்டும், சரக்காக ஒப்படைக்கும் பெட்டியின்மீது உள்ளே இருப்பது உலர் பனிக்கட்டி என்றும் அதன் எடையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த முன் அனுமதியை பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டு, எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தொலைபேசியில் சரி என்று சொன்னதை நம்பிப் போய், பெட்டியை ஒப்படைக்கும் இடத்தில் மறுக்கப்பட்டு, அங்கேயே உலர் பனிக்கட்டியை அகற்றிவிட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று எனக்கு. கைப்பையில் ஜெல் பேக்குகளை அனுமதிக்கும் விமான நிலையங்களிலும், சோதனையிடும்போது அவை முழுக்கக் கெட்டியாக இருந்தால்தான் விடுவார்கள். பாதி இளகியிருந்தால் அது திரவம், கைப்பைத் திரவங்களுக்கு 100 மில்லி லிட்டர் வரம்பு உள்ள இடங்களில் அந்த வரம்பு அதற்கும் பொருந்தும். நாடு விட்டு நாடு போகும்போது இறைச்சிக்கும் பால் பொருட்களுக்கும் பல நாடுகளில் தடை உண்டு. எவ்வளவு நன்றாக உறைந்திருந்தாலும் சுங்கத்தில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்பதால், குளிர் ஏற்பாட்டைப் பற்றி யோசிக்கும் முன் அதை விசாரிக்க வேண்டும். எட்டுப் பத்து மணி நேர விமானப் பயணத்திற்கு, உலர் பனிக்கட்டி இல்லாமல், நன்றாக உறைந்த உணவைச் சிறிய கெட்டிப் பெட்டியில் நெருக்கி அடுக்கி, நாடாவால் மூடியின் விளிம்பை ஒட்டி, சரக்குப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைப்பதே தொல்லை குறைந்த வழி. இணைப்பு விமானம் தவறினால் கூடுதலாகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ரயிலிலும் பேருந்திலும் மின் இணைப்பை நம்ப முடியாது, உலர் பனிக்கட்டியும் கூடாது. எனவே தடித்த பெட்டியும் உப்புநீர்ப் பேக்கும்தான் எஞ்சுகின்றன, ஒரு நாளுக்கு மேல் வாக்குறுதி தர இயலாது. கையில் தூக்கிச் செல்ல வேண்டிய எடையும் அங்கே ஒரு வரம்பு. ஓரிரு கோப்பை அளவே உள்ள பொருளுக்கு, அகன்ற வாயுள்ள வெற்றிடக் குடுவையை இரவு முழுதும் திறந்தபடி ஃப்ரீசரில் குளிர வைத்து அதில் நிரப்பினால் அரை நாள் தாங்கும்.

காரில் போகிறவர்கள் பெட்டியைப் பின்பக்கச் சரக்கறையில் வைக்காமல், ஏசி படும் இடத்தில் வெளிர்நிறப் போர்வையால் மூடி வைக்கலாம். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 50 டிகிரியைத் தாண்டினால் கசிவு ஒன்றரை மடங்காகிவிடும். உணவு வேளைக்கு நிறுத்தும்போது நிழலைத் தேடுவது இரண்டு பேக்குகளுக்குச் சமம். வழியில் எடுத்துச் சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் தனிச் சிறு பெட்டி வைத்துக்கொண்டு, உறைந்த உணவுப் பெட்டியை வீடு சேரும் வரை திறக்காமல் வைக்க முடிந்தால், மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் ஏறக்குறைய அப்படியே பலிக்கும்.

திறக்காமலே உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய, கம்பிவழி உணரி கொண்ட வெப்பமானியை உணவுக்கு நடுவே செருகி, காட்டும் பகுதியை வெளியே ஒட்டிவைப்பேன். அது இல்லாவிட்டால் ஒரு சிறிய டப்பாவில் நான்கைந்து ஐஸ் கட்டிகளைப் போட்டு மேல் அடுக்கில் வைத்துவிடுங்கள். சேர்ந்த பிறகு அவை கூர்மையான விளிம்புகளுடன் தனித்தனியாக இருந்தால் பெட்டி 0 டிகிரியை எட்டவில்லை. விளிம்பு மழுங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், மேல் அடுக்கு உணவாவது இடையில் இளகியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இளகிவிட்டால் எல்லாவற்றையும் எறிய வேண்டியதில்லை. பனிப்படிகங்கள் இன்னும் தெரிகிற, அல்லது 4 டிகிரிக்குக் கீழேயே இருந்த இறைச்சியையும் சமைத்த உணவையும் மறுபடி உறைய வைப்பது பாதுகாப்பானதே. பெரிய படிகங்கள் திசுக்களைக் கிழித்திருப்பதால் சமைக்கும்போது நீர் அதிகம் விடும், அவ்வளவுதான். 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்திற்கு அதிகமாக இருந்திருந்தால், வெளிவெப்பம் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரத்திற்கு அதிகமாக இருந்திருந்தால், முகர்ந்து பார்த்து முடிவெடுக்காமல் கொட்டிவிட வேண்டும். நோய் தரும் கிருமிகளுக்கு வாசனை இருக்க வேண்டும் என்பதில்லை, உறைநிலை அவற்றைக் கொன்றிருக்கவும் இல்லை. தாய்ப்பாலுக்கு விதி இதைவிடக் கடுமையானது: முழுமையாக இளகிய பாலைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது, ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்திற்குள் கொடுத்துவிட வேண்டும். ஆகவே வீடு சேர்ந்ததும் முதலில் பெட்டியிலிருந்து எடுத்துத் தொட்டுப் பார்க்கவேண்டியது தாய்ப்பால் பைகளைத்தான். நடுவில் இன்னும் கெட்டியாக இருப்பவை நேரே ஃப்ரீசருக்குப் போகட்டும், மற்றவற்றின்மேல் அன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதி ஃப்ரிட்ஜின் முன்வரிசையில் வைத்துவிடுங்கள்.